வாஷ்ரூம் இல்லாத குட்டி கேரவன்: வாங்கி எட்டு மாசம் கழிச்சு எழுதுறேன்

காசிமேட்டுல போட் இன்ஜின் வேலையும் ஃபைபர் வேலையும் பாக்குறேன், அதனால ஒரு வண்டியைப் பாத்தா என் கை முதல்ல பாடியைத்தான் தட்டிப் பாக்கும். போன கார்த்திகைல கோயம்புத்தூர் பக்கம் ஒரு சின்ன வொர்க்‌ஷாப்ல செஞ்ச இழுவை கேரவன் வாங்கினோம், நாலே கால் லட்சம் ஆச்சு, பொலேரோவுக்குப் பின்னாடி ஹிட்ச், அதாவது இணைக்குற கொக்கி போட்டு இழுக்குறது. உள்ள ரெண்டு பேர் கால நீட்டிப் படுக்கலாம், மூணாவது ஆளுக்கு மடக்கு பெஞ்ச், பின்கதவைத் தூக்குனா அடுப்படி. பாத்ரூம் கிடையாது. பாக்குறவங்க எல்லாம் முதல்ல கேக்குறதே "பாத்ரூம் இல்லாம எப்படிப்பா பொம்பளைங்கள கூட்டிட்டுப் போற"ன்னுதான். நியாயமான கேள்வி, எங்க வீட்லயும் ரெண்டு மாசம் இதே பேச்சுதான் ஓடுச்சு.

அதே வொர்க்‌ஷாப்ல பாத்ரூம் வெச்ச மாடலும் இருந்துச்சு. காலி வண்டியே 780 கிலோ, அதுக்கு மேல நல்ல தண்ணி டேங்க் 60 லிட்டர், ஒரு லிட்டர்னா ஒரு கிலோ, அப்புறம் அழுக்குத் தண்ணிக்கு ஒரு டேங்க், குடும்பத்தோட சாமான், சட்டி பானை எல்லாம் ஏத்துனா டன்னை நெருங்கிடும். நம்ம வண்டி 1500 சிசி. யூரோப்ல 750 கிலோ வரைக்கும் உள்ள ட்ரெய்லருக்குத்தான் தனி பிரேக் இல்லாம விடுறாங்க, அந்தக் கணக்கு என் மனசுல இருந்துச்சு, ஏன்னா நான் பாத்த ரெண்டு மாடல்லயும் தனி பிரேக் கிடையாது. இன்னொரு காரணமும் இருக்கு, மூடுன ஃபைபர் கேபின்ல ஈரம் நின்னா என்ன ஆகும்னு நான் தினம் பாக்குறேன், மூலையெல்லாம் கருப்பு பூஞ்சை பிடிச்சு, அந்த வாடை மெத்தை வரைக்கும் வந்துடும். மூணடிக்கு மூணடி ஈரப் பொட்டிக்குப் பக்கத்துல தலை வெச்சுப் படுக்குறதுக்கு, அந்த மூணடியைப் படுக்கைக்குக் குடுக்கலாம்னு முடிவு பண்ணோம். இன்னைக்கும் அந்த முடிவு சரின்னுதான் சொல்லுவேன்.

வாங்குறவங்க ஒண்ணு கண்டிப்பா பண்ணுங்க, பேப்பர்ல போட்ட எடையை நம்பாதீங்க. 420 கிலோன்னு எழுதியிருந்தாங்க, மணலி பக்கம் கன்டெய்னர் லாரி ஏறுற எடைமேடையில ஏத்துனா 480 காட்டுச்சு. ட்ரெய்லருக்குத் தனியா ஆர்சி, தனி நம்பர் இருக்கணும், அதைப் பாக்காம காசு குடுக்காதீங்க. அப்புறம் மூக்கு எடை, அதாவது ஹிட்ச் மேல எவ்வளவு பாரம் உக்காருதுன்னு பாக்கணும். மீன் எடை போடுற எலக்ட்ரானிக் தராசை ஒரு நாள் கடன் வாங்கி அதும்மேல கட்டை வெச்சு நிறுத்திப் பாத்தேன், சாமான் ஏத்துன மொத்த எடை 560, மூக்குல 38 கிலோ, கிட்டத்தட்ட 7 சதவீதம், சரியா இருந்துச்சு. முதல் ட்ரிப்ல இது தெரியாம ரெண்டு கேன் தண்ணியைக் கடைசியில அடுப்படிப் பக்கம் வெச்சுட்டேன், செங்குன்றம் தாண்டி 70ல போகும்போது பின்னாடி வால் ஆட ஆரம்பிச்சுது, பிரேக்கை மிதிக்காம ஆக்சிலரேட்டரை மட்டும் மெதுவா விட்டேன், அடங்கிடுச்சு, ஆனா அந்த பத்து செகண்ட் அம்மா பின்சீட்ல என் தோளைப் பிடிச்ச பிடி இன்னும் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் தண்ணி கேன் எப்பவும் அச்சுக்குக் கொஞ்சம் முன்னாடிதான்.

இப்ப பாத்ரூம் விஷயம். வெளிநாட்டுல கேரவன் நிறுத்தித் தங்க கேம்ப்சைட்னு இருக்கும், பாத்ரூம், ஷவர் எல்லாம் அங்கயே பொதுவா கட்டி விட்டிருப்பாங்க, அதனால குட்டி கேரவன் அங்க சாதாரணம். கேரளாவுல 2021ல கேரவன் டூரிசம் பாலிசி கொண்டு வந்தாங்க, நாங்க போன இடத்துல எல்லாம் அப்படி கேம்ப்சைட் எதுவும் இல்ல, நாமதான் வழி பண்ணிக்கணும். பகல்ல பிரச்சனை இல்ல, பெட்ரோல் போட வர்றவங்களுக்கு பங்க்ல டாய்லெட் இலவசமா விடணும்ங்குறது ரூல், டோல்கேட்லயும் இருக்கு, பூட்டியிருந்தா சாவி கேட்டு வாங்குங்க, தயங்காதீங்க. ராத்திரிதான் கஷ்டம். அம்மாவுக்கு சுகர், ராத்திரில மூணு தடவை எந்திரிப்பாங்க, முட்டி வலியால இந்தியன் டாய்லெட்ல உக்காரவும் முடியாது.

அதனால கையில தூக்குற போர்ட்டபிள் டாய்லெட் ஒண்ணு வாங்கினோம், கீழ் டேங்க் 10 லிட்டர், காலியா இருக்கும்போது நாலு கிலோதான். ராத்திரி பெஞ்ச் அடியில இருந்து இழுத்து, சுத்தி சின்ன டென்ட் போட்டுடுவோம். மூணு பேருக்கு ராத்திரி மட்டும்னா ரெண்டு நாள் தாங்கும், முழு நாளும்னா தினம் கொட்டணும். கொட்டுறது டாய்லெட்லயோ செப்டிக் டேங்க்லயோ மட்டும்தான், தயவுசெஞ்சு ஏரியில, ஓடையில, மண்ணுல கொட்டாதீங்க. டாய்லெட் டேங்க்ல ஊத்துற மருந்துல ஃபார்மால்டிஹைட் கலந்தது வேணாம், செப்டிக் டேங்க்ல இருக்குற பாக்டீரியாவைக் கொன்னுடும், அது இல்லாததுன்னு கேட்டு வாங்குங்க. அவசரத்துக்கு மூடி போட்ட பக்கெட்டும் ஒரு பை தேங்காநார் தூளும் வெச்சிருக்கோம், ஒவ்வொரு தடவையும் மேல ரெண்டு கை தூவுனா ஈரத்தை இழுத்துக்கும், வாடையும் வராது.

எங்க வீட்ல சொன்ன ஒரு விஷயத்தை எழுதியே ஆகணும். பீரியட்ஸ் நாள்ல டென்ட்டுக்குள்ள லைட்டு, கொக்கி, கை கழுவ குழாய் வெச்ச கேன், மூடி போட்ட தனி டப்பா இந்த நாலும் இருந்தா போதும், இல்லாம எவ்வளவு அழகான இடமா இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பலாம்னுதான் தோணும்னாங்க. இதெல்லாம் விக்கிறவங்க யாரும் சொல்லவே இல்ல. குளியலுக்கு ஆளுக்கு 12 லிட்டர், ஒரு பக்கெட் ஒரு மக். அம்மா தண்டையார்பேட்டையில எட்டு குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ் இருந்த லைன் வீட்ல வளந்தவங்க, "அப்பல்லாம் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு வாளியோட லைன்ல நிப்போம், இங்க எனக்குன்னு ஒண்ணு இருக்குடா"ன்னு சொன்னாங்க. பாத்ரூம் இல்லாத வண்டியில அம்மாவை எப்படி வெச்சுக்கப் போறோம்னு நான் பயந்துட்டு இருந்தேன், அவங்க அதை அப்படிப் பாக்கவே இல்ல.

தை மாசம் பழவேற்காடு போனோம், தெரிஞ்சவர் தோப்புல ரெண்டு ராத்திரி நிறுத்துனோம், காலையில ஏரியில பூநாரை கூட்டம், அதுக்காகவே போகலாம். கடல் காத்துல டென்ட் பறந்துடுச்சு, தரையில அடிக்குற ஆணி மணல்ல நிக்கல, இப்ப கயிறு போட்டு வண்டியோடயே கட்டிடுறேன். மே மாசம் ஏலகிரி, 14 கொண்டை ஊசி வளைவு, பாரி ஓரின்னு வள்ளல்கள் பேரு, புலவர்கள் பேரு எல்லாம் வெச்சிருக்காங்க, ஒவ்வொண்ணா அம்மா படிச்சுக்கிட்டே வந்தாங்க. ஏறும்போது ரெண்டாவது கியர், இறங்கும்போதும் அதே கியர், இன்ஜினே இழுத்துப் பிடிச்சுது, பிரேக் சூடாகல. பாத்ரூம் மாடலா இருந்தா நான் மலை ஏறியிருக்கவே மாட்டேன்.

பாடி நல்லா செஞ்சிருக்காங்க, காசு வெச்சுத் தட்டிப் பாத்தேன், எங்கயும் உள்ள வெத்தா இருக்குற மாதிரி சத்தம் இல்ல. ஸ்க்ரூதான் ஏமாத்திட்டாங்க, சாதா இரும்பு, பழவேற்காடு போயிட்டு வந்த மூணாவது வாரமே வெள்ளை பாடியில துரு வழிஞ்சு மஞ்சக் கோடு. போன் பண்ணா "கழுவுங்க சார் போயிடும்"னாங்க, மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு, நாலே கால் லட்சம் வாங்கிட்டு ஸ்க்ரூவுல மிச்சம் பிடிக்கலாமா. மண்ணடியில 316 ரக எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ வாங்கி நானே எல்லாத்தையும் மாத்துனேன், உப்புக் காத்துக்கு 304ஐ விட 316தான் தாங்கும், கடலோரம் இருக்குறவங்க ஆர்டர் குடுக்கும்போதே இதைச் சொல்லி எழுதி வாங்கிடுங்க.

ஏசி ஆசை வேணாம். 12 வோல்ட், 100 ஏஹெச் (ஆம்பியர் அவர்) லித்தியம் பேட்டரியில ஒரு டன் ஏசி ஒரு மணி நேரம் சொச்சம்தான் ஓடும், அதே பேட்டரியில 30 வாட் ஃபேன் ராத்திரி முழுக்க ஓடி மிச்சமும் இருக்கும். கூரை வென்ட்டும் கொசுவலையும் இருந்தா போதும், ஏலகிரியில போர்வையே தேவைப்பட்டுச்சு, பழவேற்காட்டுல தை மாசம் ஓகே, சித்திரை வெயில்ல சென்னைப் பக்கம் இதுல படுக்க முடியாது.

எங்க தெருவுல ரெண்டு ஆட்டோ எதிரெதிர வந்தாலே நின்னுடும், அதனால மாதவரத்துல மச்சான் ஷெட்ல நிறுத்தியிருக்கேன். வடசென்னையில யாராவது வாங்குற யோசனையில இருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க, குடும்பத்தோட வாங்க, படுத்துப் பாருங்க, அந்த டென்ட்டைப் போட்டுக் காட்டுறேன், வீட்டுப் பொம்பளைங்க உள்ள போய்ப் பாத்துட்டு சரின்னு சொன்னா அப்புறம் அட்வான்ஸ் குடுங்க.