மேரியைத் தேட ட்ரோவ் எவ்வளவு உதவும்?

ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் 1803-இல் வெளிவரத் தொடங்கிய சிட்னி கெசட் முதல் ஏராளமான பழைய செய்தித்தாள்களைக் காசில்லாமல் படிக்கலாம். கணக்கு தொடங்கவும் வேண்டாம். அபூர்வமான குடும்பப் பெயரைத் தேடுபவருக்கு இது பொக்கிஷம். தேடும் பெயர் மேரி என்றால்தான் சிக்கல்.

வெறும் மேரி என்று போட்டால் ஆள் மட்டுமா வருவாள்? குவீன்ஸ்லாந்தின் மேரி ஆறு, செயின்ட் மேரி தேவாலயங்கள், 1936-இல் முதல் பயணம் போன குவீன் மேரி கப்பல் எல்லாம் சேர்ந்து வரும். 'நாட்' (NOT) என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டு, அதையடுத்து "குவீன் மேரி" என்பதை மேற்கோளுக்குள் கொடுத்தால் கப்பல் ஒழியும்.

குடும்பப் பெயர் பிரௌன் என்று வைத்துக்கொள்வோம். "மேரி பிரௌன்" என்று இரட்டை மேற்கோளுக்குள் எழுதி, இடைவெளி விடாமல் ~3 சேர்க்க வேண்டும். நடுவே இன்னொரு பெயர் இருந்தாலும், பிரௌன் முன்னால் வந்தாலும் அகப்படும். இரண்டையும் மேற்கோள் இல்லாமல் தேடினால், பிரௌன் என்பது நிறமும் ஆவதால், வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கும் சமையல் குறிப்புவரை வந்து நிற்கும். பிறகு மாநிலம், பத்தாண்டு, 'குடும்ப அறிவிப்புகள்' பிரிவு என்று வடிகட்டலாம். இந்த வடிகட்டிகள்தான் ட்ரோவின் பலம்.

பத்திரிகைப் படத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் செய்யும் பிழைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். மங்கிய அச்சில் ஆங்கில 'ஒய்' எழுத்தை 'வி' என்று படித்துவிடும். மேரி 'மார்வ்' ஆகிவிடுவாள். கடைசி எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி போட்டால் மார்க், மார்ஸ் எல்லாம் குவியும், பயனில்லை. அதைவிடத் தெருப் பெயரையோ கப்பல் பெயரையோ கணவர் பெயரையோ தேடுவது மேல். பிழையைக் கண்டால் பக்கத்திலேயே திருத்தலாம். அந்தத் திருத்தம் அடுத்தவர் தேடலுக்கும் உதவும். தயவுசெய்து திருத்திவிட்டுப் போங்கள்.

எந்தத் தேடுபொறியும் தீர்க்க முடியாத குறை ஒன்று உண்டு. அந்தக் காலப் பிறப்பு அறிவிப்பில் பெரும்பாலும் 'ஜேம்ஸ் பிரௌனின் மனைவிக்குப் பெண் குழந்தை' என்றுதான் இருக்கும். தாய் பெயரும் இல்லை, பிள்ளை பெயரும் இல்லை. திருமணமான பெண்ணைத் 'திருமதி ஜேம்ஸ் பிரௌன்' என்றே எழுதினார்கள். ஆகவே மேரியைத் தேட ஜேம்ஸைத் தேட வேண்டும், ஜேம்ஸும் 'ஜாஸ்.' (Jas.) என்று சுருங்கி நிற்பார். ஜான் 'ஜ்னோ.' (Jno.), வில்லியம் 'வ்ம்.' (Wm.). மேரியே வீட்டில் பாலி, மோலி, மின்னி என்று அழைக்கப்பட்டிருக்கலாம். துறவியானவர்களுக்குப் பெயர் வேறு: மேரி மக்கில்லப்பை 'மதர் மேரி ஆஃப் தி கிராஸ்' என்றும் தேடாவிட்டால் பாதிச் செய்தி தவறிப்போகும். தேதியிலும் கவனம் தேவை. 'இன்ஸ்ட்.' (inst.) என்றால் நடப்பு மாதம், 'அல்ட்.' (ult.) என்றால் போன மாதம். இதைக் கவனிக்காமல் ஒரு மாதம் தவறாகக் குறித்துக்கொள்வது மிகச் சாதாரணம்.

ஒரே செய்தியைப் பல ஊர்ப் பத்திரிகைகள் எடுத்துப் போட்டிருக்கும். பத்து முடிவுகள் வந்தால் பத்து மேரிகள் என்று எண்ண வேண்டாம். முதல் வரிகளை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

பதிப்புரிமை காரணமாகப் பெரும்பாலான நாளிதழ்கள் 1954-உடன் நின்றுவிடுகின்றன. சில மட்டும் அதைத் தாண்டியும் தொடர்கின்றன; கான்பெரா டைம்ஸ் 1995 வரை உண்டு.

ஃபிஜி, மலாயா, இலங்கைச் செய்திகளில் நம் ஆட்களைத் தேடுவோருக்கு வேலை இன்னும் கூடுதல். ராமசாமி ஒருவரையே ஆங்கிலத்தில் ராமசாமி, ராமஸ்வாமி, ராம்சாமி, ராமசாவ்மி என்று ஒலிக்கும்படி நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் ~3 உத்தியும் கைகொடுக்காது. ஒவ்வொரு எழுத்துமுறையையும் தனித்தனியாகப் போட்டு, தோட்டத்தின் பெயரையோ கப்பலின் பெயரையோ சேர்த்துத் தேட வேண்டும்.