புளியங்கொட்டையும் நம்பிக்கை இடைவெளியும்: தருமபுரியில் ஒரு ஞாயிறு வகுப்பு

மருத்துவ ஆய்வுகளில் வரும் புள்ளிவிவரங்களைப் படிக்கக் கற்றுத்தரும் ஒருநாள் வகுப்புக்கு, தருமபுரி நாலு ரோடு அருகிலுள்ள ஒரு பயிற்சி மையத்தில், மதிய உணவுடன் 600 ரூபாய் கட்டிச் சென்றிருந்தேன். வந்திருந்த 24 பேரில் பெரும்பாலோர் செவிலியர்களும் என்னைப் போன்ற மருந்தாளுநர்களும்தான்.

காலை அமர்வுக்கு மட்டுமே அந்தப் பணம் தகும். தாயம் ஆடத் தேய்ப்பதைப் போல ஒருபக்கம் வெள்ளையாகத் தேய்த்த புளியங்கொட்டைகளைத் தேய்க்காதவற்றுடன் கலந்து, ஆசிரியர் ஒரு பானையில் கொண்டுவந்திருந்தார். ஆளுக்கு 50 கொட்டை எடுத்து, எண்ணிவிட்டுத் திரும்பப் போட்டோம். எனக்கு 17 வெள்ளை வந்தது. கணக்கிட்டால் 34 சதவீதம், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது பானையின் உண்மையான சதவீதம் இருக்கக்கூடும் என்று மாதிரியிலிருந்து கணக்கிடும் வரம்பு, ஏறத்தாழ 21 முதல் 47 வரை. பக்கத்திலிருந்த செவிலியருக்கு எட்டுதான். அவருடைய இடைவெளி 6 முதல் 26 வரை. பானையில் உண்மையில் 30 சதவீதம் என்று ஆசிரியர் சொன்னபோது, 24 இடைவெளிகளில் அவருடையது ஒன்று மட்டும் தவறியிருந்தது. அவர் எண்ணியதில் பிழை எதுவுமில்லை. 95 என்ற எண் இந்த முறையைப் பலமுறை செய்தால் எத்தனை முறை தப்பாது என்பதைத்தான் சொல்கிறது என்பது, இத்தனை ஆண்டுகளில் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்து, மாதவிடாய் நின்ற 16,608 பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஹார்மோன் சிகிச்சை ஆய்வை எடுத்துக்கொண்டார். மார்பகப் புற்றுநோய் அபாயம் 26 சதவீதம் கூடுதல் என்று கேட்டால் திடுக்கிடுகிறது. ஆனால் அந்த 1.26 என்ற விகிதத்தின் இடைவெளி 1.00 முதல் 1.59 வரை, அதாவது கீழ்முனை 'வேறுபாடில்லை' என்பதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஆண்டுக்கு 10,000 பெண்களில் 30 பேருக்கு வந்தது 38 பேருக்கு வந்ததாகச் சொன்னால், எதிரில் இருப்பவரே தமக்கு இது எவ்வளவு என்று எடைபோட்டுக்கொள்வார்.

மதியம் களியும் கீரைக் குழம்பும் நன்றாக இருந்தன. அதன் பிறகுதான் வகுப்பு சறுக்கியது. பி மதிப்பை, அதாவது மருந்தால் உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதைவிடப் பெரிதோ ஒரு வேறுபாடு தற்செயலாகத் தெரிய எவ்வளவு வாய்ப்பு என்பதை, அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, அச்சிட்ட கையேட்டில் 'பி மதிப்பு 0.05-க்கு மேல் என்றால் மருந்தால் பயனில்லை' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு பேச்சுக்கு, அபாய விகிதத்தின் இடைவெளி 0.60 முதல் 1.08 வரை என்று வைத்துக்கொள்வோம். 'வேறுபாடில்லை' என்னும் 1 அதற்குள் இருப்பதால் பி மதிப்பு 0.05-க்கு மேல், அதாவது புள்ளியியல் முக்கியத்துவம் இல்லைதான், ஆனாலும் அபாயம் 40 சதவீதம் குறையக்கூடும் என்ற சாத்தியம் அதற்குள்ளேயே இருக்கிறதே! ஆய்வு சிறியது, முடிவு தெளிவாகவில்லை என்றல்லவா அங்கே எழுத வேண்டும்? காலையில் பானையை வைத்துப் பொறுமையாக விளக்கியவர்தான் இந்த வரியையும் எழுதினார் என்பதை நம்ப முடியவில்லை.

கையேட்டில் அந்த வரியைத் திருத்தி, பி மதிப்புக்கும் ஒரு முழு அமர்வு ஒதுக்கினால், எங்கள் மருந்தகத்திலிருந்து இன்னும் இருவரை அனுப்பத் தயாராக இருக்கிறேன்.