பிளாஸ்மாவை அளக்க எது: ரிட்பெர்க் எக்ஸிட்டானா, டெராஹெர்ட்ஸா?

பினாங்கில் இயற்பியல் முதுகலை படிக்கும் தம்பி ஒருவர், பாயான் லெப்பாஸ் கடையில் தே தாரேக் ஆறும்வரை இதையே கேட்டார்: "அண்ணே, குறைக்கடத்திக்குள் இருக்கும் எலக்ட்ரான்-துளை பிளாஸ்மாவை அளக்க எந்த வழியில் போகட்டும்?" கட்டின்றித் திரியும் எலக்ட்ரான்களும், அவை விட்டுச்சென்ற காலியிடங்களான துளைகளும் சேர்ந்த கூட்டம்தான் இந்தப் பிளாஸ்மா.

எவ்வளவு நுட்பம்?
எக்ஸிட்டான்: எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று சுற்றும் இணை இது. உயர்ந்த ஆற்றல் நிலைக்குப் போய்ப் பெரிதானால் அதுவே ரிட்பெர்க் எக்ஸிட்டான். குப்ரஸ் ஆக்சைடு என்ற செம்புச் சேர்மத்தில் 25ஆம் நிலை வரை ஜெர்மனியின் டார்ட்மண்ட் குழு 2014இல் காட்டியது. அந்த நிலையில் அதன் அகலம் சுமார் 2 மைக்ரோமீட்டர், பிணைப்போ நூலிழை. அருகே சில மின்னேற்றங்கள் வந்தாலே அதன் ஒளி உறிஞ்சல் கோடு மங்கும். மேல்நிலைக் கோடுகள் முதலில் மறையும், அப்புறம் அடுத்தவை. எதுவரை மிஞ்சுகிறது என்று பார்த்தே அடர்த்தியைச் சொல்லிவிடலாம். 100 கன மைக்ரோமீட்டருக்கு ஓர் இணை என்ற அளவுகூடத் தெரியும்! எனக்கு மனம் நிறைவது இங்கேதான்.
டெராஹெர்ட்ஸ்: நொடிக்கு லட்சம் கோடி முறை என்ற அளவில் அதிரும் அலைத்துடிப்பை அனுப்பி மின்கடத்துதிறனைப் படிக்கும். அடர்ந்த பிளாஸ்மாவுக்கே ஏற்றது.

குளிர்?
எக்ஸிட்டான்: திரவ ஹீலியம், சுமார் 1.3 கெல்வின். செலவு கடிக்கும்.
டெராஹெர்ட்ஸ்: அறை வெப்பமே போதும். ஆனால் மிகமிகக் குறுகிய துடிப்புகளைத் தரும் ஃபெம்டோநொடி லேசர் வேண்டும்.

பொருள்?
எக்ஸிட்டான்: நல்ல குப்ரஸ் ஆக்சைடு படிகம். டார்ட்மண்டில் பயன்பட்டது நமீபியாவின் சுமெப் சுரங்கத்து இயற்கைக் கல்.
டெராஹெர்ட்ஸ்: சிலிக்கான், காலியம் ஆர்சனைடு, எதுவும் சரி.

படித்து முடித்து இங்குள்ள சிப் தொழிற்சாலைக்குப் போகிறவர் டெராஹெர்ட்ஸ் எடுக்கட்டும். பிக்கோநொடியில் (நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) நடக்கும் மாற்றங்களும் கிடைக்கும். மிக மெல்லிய பிளாஸ்மாதான் கேள்வி என்றால், ஹீலியம் உள்ள ஆய்வகத்தைத் தேடி எக்ஸிட்டான் பக்கம் வாருங்கள், தம்பி.