தொடர்ந்து விளையாடுறதா, மைக்கைப் பிடிக்கிறதா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் விளையாடுற பெடியளும் பெட்டையளும் முப்பதை நெருங்கேக்க கேக்கிற கேள்வி இது: தொடர்ந்து விளையாடுறதா, இல்லாட்டி மைக்கைப் பிடிச்சு போட்டி வர்ணனை செய்யப் போறதா? ரெண்டு வழியிலயும் நடந்து காட்டின ஆக்கள் கோல்ஃப்ல இருக்கினம், அவையை வச்சே பாப்பம்.

காசு
விளையாட்டு: முதல் ரெண்டு நாள் ஸ்கோர் சரியில்லையெண்டா அனேகமான போட்டியள்ல கட் ஆகி, அதாவது மிச்ச நாள் விளையாட ஏலாமப் போய், வெறுங்கையோட வீட்டை வரவேணும், பயணச் செலவும் உங்கட தலையில.
மைக்: ஒப்பந்தச் சம்பளம், ஆர் வெண்டாலும் வரும்.

உடம்பு
விளையாட்டு: ஜூடி ராங்கின் எல்பிஜிஏ எண்ட பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சுற்றில 26 பட்டம் வெண்டவ, 1976ல ஒரே சீசன்ல ஒரு லட்சம் டொலருக்கு மேல உழைச்ச முதல் எல்பிஜிஏ வீராங்கனையும் அவதான், அப்பிடிப்பட்டவவையே முதுகு நோ நிப்பாட்டிப் போட்டுது.
மைக்: அதே ஆள் பிறகு டிவியில பல வருசம் வர்ணனை செய்தவ.

எவ்வளவு காலம்
ஜானி மில்லர் 1973 யூஎஸ் ஓபன்ல கடைசி நாள் வெறும் 63 அடியில முடிச்சு வெண்டவர் (கோல்ஃப்ல அடி குறையக் குறையத்தான் நல்லது), 1990ல என்பிசி எண்ட அமெரிக்க டிவிக்கு வர்ணனை செய்யப் போய் 2019 மட்டும் இருந்தவர். இடையில 1994ல பெபிள் பீச் கோல்ஃப் போட்டியில திரும்ப விளையாடி வெண்டும் இருக்கிறார், அதால மைக் பிடிச்சா கதவு பூட்டுப்படும் எண்டில்லை, ஆனா அது எல்லாருக்கும் வாய்க்காது.

மனசு
மைக்கில கூட விளையாடின ஆளின்ர பிழையையும் சொல்லவேணும். மில்லர் ஒளிக்காம சொன்னவர், கன வீரர்மாருக்குப் பிடிக்கேல்லை, எனக்கு அவர் செய்தது சரியெண்டுதான் படுது.

உடம்பு ஒத்துழைச்சு ஆட்டமும் முன்னேறுதெண்டா விளையாடுங்கோ. காயம் திரும்பத் திரும்ப வந்தா, ஆட்டத்தை விளங்கப்படுத்த ஆசையும் இருந்தா மைக்தான். ஊர்க் கழகச் சுற்றுப்போட்டியில அறிவிப்புச் செய்யக் கேட்டுப் பாருங்கோ, விளையாடிக்கொண்டே பழகலாம்.