திருகோணமலை வெயிலும் நாலு டோனர் போத்தலும்

உப்புவெளியிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் டவுனுக்கு வேலைக்குப் போய்வருகிற மச்சாள் ஒருத்தி, போன கிழமை நாலு டோனர்களின் (முகம் கழுவியபின் பூசும் திரவம்) படத்தை அனுப்பி, "தினம் போடுறதுக்கு இதில எது நல்லம்?" என்று கேட்டிருந்தாள். நாலுமே இறந்த தோலைக் கழற்றும் வகை, வெறும் பன்னீர் இல்லை. இரண்டு வரியில் பதில் சொல்லலாம் என்று நினைத்தேன், முடியவில்லை.

அதற்கு முதல் என் கதை. பதினெட்டு வயதில், பெரியம்மா வீட்டுக் கலியாணத்துக்கு முந்தின நாள், முகம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்று தேசிக்காயை வெட்டி சீனியில் தொட்டு முகத்தில் தேய்த்தேன். அரைகுறையாகக் கழுவிவிட்டு நிலாவெளிக் கடலுக்கும் போய்வந்தேன். கலியாணத்தன்று கன்னம் சிவந்து எரிந்தது. இரண்டு நாள் கழித்து, சாறு வழிந்த தடம் வாயோரத்திலிருந்து நாடி வரைக்கும் மண்ணிறக் கோடாக நின்றது, அது மங்க நாலு மாதம். தேசிக்காய்ச் சாற்றின் பீஎச் பெறுமானம் 2க்குப் பக்கம், முகத்தோலுடையது 5க்குப் பக்கம், அந்த எண் ஒன்று இறங்கினாலே அமிலத்தன்மை பத்து மடங்கு. போதாதற்கு தேசிக்காயில் உள்ள சில பொருட்கள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும். "இயற்கையானது, ஒன்றும் செய்யாது" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கோடுதான் ஞாபகம் வரும்.

சரி, போத்தல்களுக்கு வருவோம். இவற்றில் தோலைக் கழற்றுவது அமிலங்கள்தான், அவற்றின் சுருக்கப் பெயர்கள்தான் குழப்பம். எண்ணெயில் கரையும் சலிசிலிக் வகைக்கு ஒரு பிஎச்ஏ (BHA), மென்மையான குளுக்கோனோலக்டோன் வகைக்கு இன்னொரு பிஎச்ஏ (PHA). ஆங்கிலத்தில் எழுத்து வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். அதனால் நான் சலிசிலிக் வகையைப் பீட்டா, குளுக்கோனோலக்டோன் வகையைப் பொலி, மூன்றாவதான கிளைகோலிக் வகையை அல்பா என்றே சொல்லப்போகிறேன்.

மச்சாளின் கண் போனது தி ஓர்டினரி என்ற கம்பனியின் 7% கிளைகோலிக் டோனரில். 240 மில்லி, நாலிலும் பெரிய போத்தல். கிளைகோலிக் என்பது கரும்பிலும் இருக்கிற அல்பா அமிலம். அல்பா அமிலங்களில் ஆகச் சிறிய மூலக்கூறு அதுதான், எடை 76. சிறியதென்பதால் வேகமாக உள்ளே இறங்கும், வேகமாக வேலை செய்யும், அதே வேகத்தில் எரியவும் செய்யும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் மாலையில், உணர்திறன் கூடிய தோலுக்கும் உரியும் தோலுக்கும் வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005இல், அல்பா அமிலம் உள்ள பொருட்களில் வெயில் எச்சரிக்கை போடச் சொல்லி ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. பாவிக்கும் நாட்களில் மட்டுமல்ல, நிறுத்தி ஒரு கிழமை வரைக்கும் சன்ஸ்கிரீன் பூசி வெயிலையும் குறைக்கவேண்டும் என்பது அதன் சாரம். மத்தியான யூவி சுட்டெண் (வெயிலின் புறஊதாக் கடுமையைக் காட்டும் எண்) 11ஐத் தாண்டுவது புதினமே இல்லாத ஊரில், ஸ்கூட்டியில் போகிறவள் இதைத் தினமும் முகத்தில் போடுவதா? என்னைக் கேட்டால் இல்லை.

போலாஸ் சொய்ஸின் 2% சலிசிலிக் திரவம் வேறு சாதி. 118 மில்லி, தொட்டால் கொஞ்சம் வழுக்கும். எண்ணெயில் கரைவதால் துவாரத்துக்குள் இறங்கி அடைப்பை இளக்கும், கரும்புள்ளிக்கும் பருவுக்கும் நல்லது. மச்சாளுக்கு இரண்டுமே இல்லை. ஹெல்மெட்டுக்குள் நெற்றி முழுக்கப் பொரியாகக் கிடக்கிற அவளுடைய தம்பிக்கு வேண்டுமானால் கிழமைக்கு இரண்டு இரவு கொடுக்கலாம். அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும் கர்ப்பிணிகளும் டொக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

உண்மையான போட்டி மிச்ச இரண்டுக்கும் இடையில்தான்.

கொரியாவின் கொஸ்ஆர்எக்ஸ் டோனரில் அல்பாவும் இருக்கிறது, பீட்டா வகையும் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் பயம் வரும், அளவைப் பார்த்தால் சிரிப்பு வரும்: ஒவ்வொன்றும் 0.1%. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 150 மில்லி போத்தல் முழுவதிலும் கிளைகோலிக் 0.15 கிராம்தான், ஓர்டினரி போத்தலில் கிட்டத்தட்ட 17 கிராம். இதை நம்பி ஒரு மாதத்தில் தழும்பு போகும் என்று இருந்தால் ஏமாற்றம்தான். ஆனால் தினமும் போடுவதற்கு அந்தப் பலவீனமே அதன் பலம். விசிறும் போத்தல் என்பதால் பஞ்சுச் செலவும் குறைவு. மணம் கொஞ்சம் வினாகிரி மாதிரி, எனக்குப் பரவாயில்லை, மூக்கு நீளமானவர்களுக்குப் பிடிக்காது.

நான்காவது தி இன்கி லிஸ்டின் பொலி டோனர். 3% குளுக்கோனோலக்டோன், 100 மில்லி. மூலக்கூறு எடை 178, கிளைகோலிக்கின் இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் மேலோடு மேலாக, ஆறுதலாக வேலை செய்யும். இதில் இன்னொரு நன்மை, தண்ணீரைப் பிடித்து வைக்கும் தன்மை உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை எங்களுக்குக் கச்சான் அடிக்கும் (தின்கிற கச்சான் இல்லை, காற்று). மேற்கே நிலத்தைக் கடந்து வருகிற அந்தச் சூட்டுக் காற்றில் பின்னேரம் வீடு வந்து சிரித்தால் கன்னம் இழுபடும், மூக்கின் இரு பக்கமும் வெள்ளையாகப் பூத்திருக்கும். அந்த நேரத்தில் தோலுக்குத் தேவை உரிப்பதைவிட ஈரம். பொலி இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும். குறை என்றால் போத்தல் சிறியது, தினம் பூசினால் இரண்டு மாதம் தாண்டாது.

மச்சாளுக்கு நான் எழுதியது இதுதான். கச்சான் காலத்தில் பொலி. மாரி தொடங்கி முகம் பிசுபிசுத்தால் கொஸ்ஆர்எக்ஸ். எதுவானாலும் இரவில், முதல் இரண்டு கிழமை ஒன்றைவிட்டு ஒரு நாள், காதுக்குப் பின்னால் பூசிப் பார்த்த பிறகு முகத்தில். காலையில் சன்ஸ்கிரீன் பூச முடியாதென்றால் நாலும் வேண்டாம், காசை மிச்சம் பிடி.

"அப்ப அந்தப் பெரிய போத்தல்?" என்று திரும்பக் கேட்டாள், கை அதை விடவில்லை. வாங்கு என்றேன். என்னிடமும் ஒன்று இருக்கிறது, குளியலறை யன்னலில். கிழமையில் இரண்டு இரவு முழங்கைக்கும் குதிக்காலுக்கும்.