லூமியா 520: ஃபோன் நன்றாகத்தான் இருந்தது, கூட்டணிதான் கைவிட்டது

நோக்கியா செய்து, மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோன் இயங்குதளத்தில் ஓடிய ஃபோன் லூமியா 520. அந்த இருவர் கூட்டணியைத்தான் தலைப்பில் சொல்கிறேன். இந்தியாவுக்கு 2013 ஏப்ரலில் வந்தபோது விலை 10,499 ரூபாய். கொஞ்சம் விலை இறங்கும்வரை காத்திருந்து மஞ்சள் நிறத்தில் ஒன்று வாங்கினேன். சில வருடங்கள் அதுதான் என் ஒரே ஃபோன். அப்புறம் இரண்டாவது ஃபோன் ஆனது. இப்போது மேசையில் கிடக்கிறது. அலாரம் அடிக்கிறது, ஹெட்செட்டைச் செருகினால் எஃப்எம் பாடுகிறது. வாங்கின புதிதில் எழுதும் விமர்சனங்கள் நிறைய உண்டு. வருடக்கணக்கில் வைத்திருந்தவன் சொல்வது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

4 அங்குலத் திரை, 512 எம்பி ராம், 8 ஜிபி சேமிப்பு, 5 மெகாபிக்சல் கேமரா. ஃபிளாஷ் இல்லை, முன்பக்க கேமரா இல்லை. எண்களை வைத்துப் பார்த்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதே விலைக்குக் கிடைத்த ஆண்ட்ராய்டுகள் திக்கித் திணறிய காலத்தில், இதில் விரலை வைத்துத் தள்ளினால் டைல்கள், அதாவது முகப்புத் திரையின் ஆப் கட்டங்கள், வழுக்கிக்கொண்டு போகும். நகத்தால் தொட்டாலும் திரை கேட்கும். கேமராவுக்குத் தனிப் பொத்தான் உண்டு. ஃபோன் பூட்டியிருந்தாலும் அதை அழுத்திப் பிடித்தால் கேமரா திறக்கும், பாதி அழுத்தினால் ஃபோகஸ், முழுதாக அழுத்தினால் படம். இன்றைக்கு வைத்திருக்கும் ஃபோனில் எனக்கு இல்லாத வசதி அது.

பின்மூடியைக் கழற்றுவது ஒரு தனிக் கலை. கேமரா இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, திரையின் மேல் விளிம்பை நகத்தால் நெம்ப வேண்டும். மூடி கழன்று வரும்போது ஒலி, பவர், கேமரா பொத்தான்கள் மூன்றும் மூடியோடேயே வந்துவிடும். பொத்தான் தேய்ந்தால் புது மூடி போட்டால் போதும். பேட்டரி பிஎல்-5ஜே. நோக்கியா 5233 வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பெயர் மறந்திருக்காது, அதே பேட்டரிதான் இதற்கும். அதனால் சின்ன ஊர்களின் மொபைல் கடைகளில்கூடச் சுலபமாகக் கிடைத்தது.

நோக்கியாவின் வரைபட ஆப்பான ஹியர் மேப்ஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். வரைபடத்தை வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால் அப்புறம் நெட்டே வேண்டாம். வால்பாறை மலைப்பாதையில் சிக்னல் போன பிறகும் நாம் எந்தக் கொண்டை ஊசி வளைவில் இருக்கிறோம் என்று காட்டும். டேட்டா பேக்கை எண்ணி எண்ணிச் செலவழித்த நாட்கள் அவை.

இவ்வளவு நேரம் புகழ்ந்தவற்றைக் கவனியுங்கள். மூடி, பேட்டரி, வரைபடம், எல்லாம் நோக்கியா கைவேலை. ஃபோன் எத்தனை வருடம் வாழும் என்பதை முடிவு செய்யும் இயங்குதளமும் ஆப் கடையும் மட்டும் மைக்ரோசாஃப்ட் கையில்.

2011 பிப்ரவரி 11 அன்று லண்டனில் ஸ்டீபன் ஈலாப்பும் மைக்ரோசாஃப்டின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மரும் சேர்ந்து நின்று அறிவித்த ஒப்பந்தம் அது. ஈலாப் அதற்குச் சில மாதங்கள் முன்புதான் மைக்ரோசாஃப்டிலிருந்து நோக்கியாவின் தலைமைக்கு வந்தவர். நோக்கியா அதுவரை பயன்படுத்திய சிம்பியன் இயங்குதளத்தை ஓரங்கட்டிவிட்டு விண்டோஸ் ஃபோன்தான் இனி முக்கியத் தளம் என்றார்கள். பதிலுக்கு மைக்ரோசாஃப்ட் காலாண்டுக்கு 25 கோடி டாலர் நோக்கியாவுக்குக் கொடுத்தது. பணம் வந்தது, பிடி போனது.

முதல் அடி 2012 ஜூனில். விண்டோஸ் ஃபோன் 8 வருகிறது, ஆனால் ஏற்கெனவே விற்ற ஃபோன் எதற்கும் கிடைக்காது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பழையது சின்னக் கருவிகளுக்கான விண்டோஸ் சிஇ அடித்தளம், புதியது கணினி விண்டோஸின் உள்மையமான என்டி கெர்னல். தொழில்நுட்பக் காரணம் நியாயம்தான். ஆனால் நோக்கியாவின் பெரிய நம்பிக்கையான லூமியா 900 அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது அந்த ஏப்ரலில். இரண்டே மாதத்தில் அது பழைய ஃபோன். பழைய ஃபோன்களுக்கு விண்டோஸ் ஃபோன் 7.8 என்று ஒரு அப்டேட்டை ஆறுதல் பரிசாகக் கொடுத்தார்கள்.

520 காரர்கள் முறை அப்புறம் வந்தது. விண்டோஸ் ஃபோன் 8இல் ஓடும் லூமியாக்களுக்கு விண்டோஸ் 10 தருவதே நோக்கம் என்று 2014இல் சொன்னார்கள். 2015 ஏப்ரலில் முன்னோட்டப் பதிப்பை 520இல் போட்டுப் பார்க்கவும் விட்டார்கள். 2016 மார்ச்சில் இறுதிப் பட்டியல் வந்தபோது 520 அதில் இல்லை. விண்டோஸ் ஃபோன்களிலேயே அதிகம் விற்றவற்றில் ஒன்று அது! அதில் ஓடிய விண்டோஸ் ஃபோன் 8.1க்கான ஆதரவும் 2017 ஜூலை 11 அன்று முடிந்தது.

ஆப் விஷயம் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். கூகுள் இந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை. மைக்ரோசாஃப்ட் தானே ஒரு யூடியூப் ஆப் செய்து 2013 மே மாதம் வெளியிட்டது. அதில் விளம்பரம் வராது, வீடியோவை இறக்கியும் வைக்கலாம். கூகுள் சும்மா இருக்குமா? நோட்டீஸ் வந்தது, ஆப் போனது. இன்ஸ்டாகிராம் 2013 நவம்பரில் பீட்டா என்ற ஒட்டுப்பெயரோடு வந்து சேர்ந்தது. என் வங்கியின் ஆப் கடைசிவரை வரவில்லை. பிரவுசரிலேயே காலம் தள்ளினேன். வாட்ஸ்ஆப் இருந்ததால்தான் இந்த ஃபோனை இவ்வளவு நாள் ஓட்ட முடிந்தது. அதுவும் 2019 டிசம்பர் 31உடன் விண்டோஸ் ஃபோனைக் கைவிட்டது.

இதே நாடகம் முன்னரே ஒருமுறை அரங்கேறியிருந்தது என்பதுதான் வேடிக்கை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் செண்டோ என்று ஒரு சின்ன ஃபோன் நிறுவனம். மைக்ரோசாஃப்ட் அதில் 1.2 கோடி டாலர் முதலீடு செய்தது. இசட்100 என்ற விண்டோஸ் ஸ்மார்ட்ஃபோனை முதலில் கொண்டுவருவது அவர்கள்தான் என்று பேச்சு. ஆனால் 2002இல் ஆரஞ்ச் என்ற தொலைபேசிச் சேவை நிறுவனம் எஸ்பிவி என்ற பெயரில் விற்ற ஃபோன் முந்திக்கொண்டது. அதைச் செய்து கொடுத்தது தைவானின் எச்டிசி. அந்த நவம்பரில் செண்டோ இசட்100ஐக் கைவிட்டது. அடுத்த மாதமே, தங்கள் தொழில்நுட்பத்தை எடுத்துப் போட்டியாளர்களுக்குக் கொடுத்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் மீது டெக்சாஸில் வழக்குப் போட்டது. மைக்ரோசாஃப்ட் அதை மறுத்தது. 2004இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. 2005இல் செண்டோவே இல்லை. சரி, மைக்ரோசாஃப்டை விட்டு வெளியேறிய செண்டோ எந்த மென்பொருளுக்குப் போனது தெரியுமா? நோக்கியாவின் சீரிஸ் 60க்கு. அடைக்கலம் கொடுத்த அதே நோக்கியா ஒன்பது வருடம் கழித்து மைக்ரோசாஃப்ட் வாசலுக்குப் போய் நின்றது.

2014 ஏப்ரல் 25 அன்று நோக்கியாவின் ஃபோன் பிரிவு மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. நம் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் போகவில்லை. வரித் தகராறில் சொத்து முடக்கப்பட்டிருந்ததால் அதை ஒப்பந்தத்திலிருந்து கழற்றிவிட்டார்கள். சில மாதங்கள் மைக்ரோசாஃப்டுக்கு ஃபோன் செய்து கொடுத்தது. ஆர்டர் நின்றதும், 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. தினம் கம்பெனி பஸ் ஏறிப் போய் வந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் விண்டோஸ் சிஇயும் என்டி கெர்னலும் எந்த வகையில் சம்பந்தம்? மறு வருடம் ஜூலையில் மைக்ரோசாஃப்ட் இந்த வகையில் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. இந்த ஃபோனை நினைக்கும்போது, வராமல்போன அப்டேட்டைவிட எனக்கு அதிகம் உறுத்துவது அந்த ஆலைதான்.

பழைய ஃபோன் கடையில் 520 கண்ணில் பட்டால் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாட்ஸ்ஆப், யூபிஐ எதுவும் நடக்காது, ஆப் கடையும் மூடியாயிற்று. பேச, மெசேஜ் அனுப்ப, பாட்டுக் கேட்க என்றால் தாராளமாக எடுக்கலாம். மூடியைக் கழற்றிப் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.