ஸ்டுடியோ போட்டோவா, பேப்பர் கட்டிங்கா?

பாம்பன், மண்டபம் பக்கம் படம் வரைகிறவர்களுக்கு, பார்த்து வரையப் பழைய படங்கள் இரண்டு வழியில் கைக்கு வரும். ஒன்று, டிரங்குப் பெட்டியில் கிடக்கும் கருப்பு வெள்ளை ஸ்டுடியோ போட்டோ. இன்னொன்று, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த சேதியைப் போட்ட பத்திரிகைத் தாள்.

போட்டோவில் தகவல் அதிகம். கன்னத்தில் வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கும் இடம் வரை தெரியும். கட்டம் போட்டுப் பெரிதாக்கினால் அப்படியே கேன்வாஸில் ஏறிவிடும். ஆபத்தும் அதுதான், வெறும் நகலாக நின்றுவிடும். உப்புக்காற்றில் பூஞ்சை பிடித்து, சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படம் கிடைத்தால் எனக்கு இரட்டைச் சந்தோஷம். அந்தத் திட்டுகளையும் சேர்த்தே வரையலாம். என்ன, "மாமாவுக்கு மூக்கு இப்படியா இருந்துச்சு?" என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

பத்திரிகைப் படம் வேறு சங்கதி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் முகமே இருக்காது. பெரிதும் சிறிதுமாகக் கரும்புள்ளிகள்தான். இடிந்த சுவரா, கவிழ்ந்த வள்ளமா என்று நாமே முடிவு செய்ய வேண்டும். ஜெர்மனியில் ஓவியர் சிக்மர் போல்கே 1963 முதல் இந்த அச்சுப் புள்ளிகளையே கையால் வரைந்தார். அதே காலத்தில் அங்கே இன்னொரு ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் குடும்பப் போட்டோ, பத்திரிகைப் படம் இரண்டையும் எடுத்துக்கொண்டார். வரைந்து, வண்ணம் காயுமுன் தூரிகையால் இழுத்து மங்கலாக்கினார்.

கைப்பழக்கத்துக்கு போட்டோ போதும். ஓவியம் வேண்டுமென்றால் என் ஓட்டு பத்திரிகைத் தாளுக்குத்தான். ஆனால் பழைய தாள் மடிப்பில் உதிரும். பிரிக்கும்போதே செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.